கையைக் கீழே போடுங்க, அண்ணி

பிப்ரவரி 9

அண்ணிக்கு,

போனை எடுக்கவில்லை. மெசேஜைப் பார்த்த அடையாளம் வருகிறது, பதில் வரவில்லை. கடிதம் என்றால் கிழித்துப் போடுவதற்காவது கையில் எடுப்பீர்கள் என்று எழுதுகிறேன்.

முதலில் நகர மன்றக் கூட்ட விஷயம். உங்கள் கம்ப்யூட்டரில் அந்த இடைவேளை மென்பொருளைப் போட்டது தப்பில்லை. அதில் என் வாயைக் கொண்டுபோய் வைத்ததுதான் தப்பு. "சற்று ஓய்வு எடுக்கவும்" என்று அது சாதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தவரைக்கும் நீங்கள் மதிக்கவே இல்லை. லீவுக்கு வந்திருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேனே, அது வரும்போதெல்லாம் ஈ ஓட்டுவதுபோல ஒரு தட்டுத் தட்டி ஓட்டினீர்கள். அதனால்தான் மூடும் பொத்தானை எடுத்துவிட்டு வாசகத்தையும் மாற்றினேன். உங்கள் திரையில் மட்டும் வரும் என்று நினைத்தேன், அரங்கத்தின் பெரிய திரைக்கும் போகும் என்று தெரியாது. மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பதுதான் எனக்குச் சம்பளம் தரும் வேலை. அதைச் சோதிக்காமல் விட்டேன் என்று கேட்டதிலிருந்து என் ஆபீஸில் இன்னும் சிரித்து முடிக்கவில்லை.

மன்னிப்புக் கேட்டாயிற்று. இனி என் முறை.

அண்ணன் நேற்று வீடியோவில் வந்தான். நம் வீட்டில் பேச்சு என்றால் கைதான். அவனுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது என்று தெரிந்துதான் கட்டிக்கொண்டீர்கள். கூடப் பிறந்த என்னைவிட வேகமாக அவன் கைப்பேச்சைக் கற்றுக்கொண்டீர்கள். நீங்கள் இரண்டு பேரும் பேச ஆரம்பித்தால் எனக்கே தலை சுற்றும், அவ்வளவு பேச்சு. அவன் நேற்று என்ன சொன்னான் தெரியுமா? "அவ என்கிட்ட பேசறதே இல்ல. சாயங்காலம் வந்தா கையைக் கக்கத்துல இடுக்கிட்டு உட்காந்துக்கறா. என்ன கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டுறா. நான் என்ன பண்ணினேன்னு நீயாவது கேட்டுச் சொல்லு."

இதையே இரண்டு தடவை சொன்னான்.

என் மேல் கோபம் என்றால் என்னைத் திட்டுங்கள், நான் வாங்கிக்கொள்கிறேன். அவன் என்ன பாவம் செய்தான்? நீங்கள் கையை இடுக்கிக்கொண்டால் அந்த வீட்டில் அவனுக்குப் பேச்சு என்பதே இல்லை. இது உங்களுக்குத் தெரியாததா?

பதில் எழுதுங்கள். திட்டாவது எழுதுங்கள்.

வாலு


பிப்ரவரி 16

வாலு,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை.

உன் ஆபீஸ் சிரித்து முடிக்காத கதையை என் பக்கத்திலிருந்தும் கேட்டுக்கொள். நகர மன்றக் கூட்டம். தண்ணீர் வாரியத் தலைவர் பேசுகிறார். அவர் பேசப் பேச நான் அடிக்கிறேன், அது பெரிய திரையில் எழுத்தாக ஓடுகிறது. முன்வரிசையில் காது கேட்காதவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அதைப் படித்தால்தான் அவர்களுக்குக் கூட்டம். எந்தத் தெருவுக்குக் குழாய் எப்போது வரும் என்று சொல்லப்போகிற இடத்தில் திரை மங்கி, ஆள் உயரத்துக்கு உன் வாசகம் வந்து நின்றது. "அண்ணி, போதும். கையைக் கீழே போடுங்க. அந்த ஆளு பேசி என்னத்தைக் கிழிக்கப் போறாரு?"

முன்வரிசைதான் முதலில் சிரித்தது, அவர்கள்தானே படித்துக்கொண்டிருந்தார்கள். மற்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. தலைவர் குனிந்து தன் சட்டையைப் பார்த்துக்கொண்டார். அப்புறம்தான் திரும்பித் திரையைப் பார்த்தார்.

மேலாளர் கூப்பிட்டு, "இது என்ன உங்க வீட்டு அடுப்படியா?" என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. உன் நந்தியை அன்றைக்கே கம்ப்யூட்டரிலிருந்து அழித்துவிட்டேன். குறுக்கே வந்து நிற்கிறதற்கு வேறு என்ன பேர் வைப்பது?

உன் அண்ணனோடு எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. வேலை அதிகம், அவ்வளவுதான். புருஷன் பெண்டாட்டி நடுவில் நீ பஞ்சாயத்துக்கு வராதே.

எழுத்து கோணலாக இருந்தால் தலையைச் சாய்த்துப் படி.

அண்ணி


பிப்ரவரி 22

அண்ணிக்கு,

தலையைச் சாய்த்துத்தான் படித்தேன். கழுத்துச் சுளுக்கிக்கொண்டது.

முதலில் கோபம்தான் வந்தது. உங்கள் கையெழுத்து எப்படி இருக்கும்? என் பள்ளிக்கூடப் படங்களுக்கெல்லாம் பேர் எழுதித் தந்தது நீங்கள்தான், வாத்தியார் இது அச்சடித்ததா என்று கேட்பார். அந்தக் கையா இப்படிக் கோழி கிளறியதுபோல எழுதியிருக்கிறது, எனக்கு இதுதான் மரியாதையா என்று தோன்றியது. மடித்து மேஜைக்குள் போட்டுவிட்டேன். அப்புறம் மனசு கேட்காமல் மறுபடி எடுத்துப் பார்த்தேன். அவசரமாக எழுதினால் எழுத்து ஓடும். உங்கள் எழுத்து ஓடவில்லை, ஒவ்வொன்றும் தடவித் தடவி நின்று வந்திருக்கிறது. சாய்வும் எதிர்ப்பக்கம்.

இடது கையால் எழுதினீர்களா, அண்ணி?

உடனே அண்ணனைக் கூப்பிட்டேன். எப்போதிருந்து அவள் பேசவில்லை என்று கேட்டேன். மழைக்காலத்திலிருந்து என்கிறான். அது கூட்டத்துக்கு முந்தி, நான் லீவுக்கு வந்ததற்கும் முந்தி. அப்படியென்றால் கோபம் என் மேல் இல்லை. நான் வந்திருந்தபோது எப்படிக் கவனிக்காமல் போனேன்? நான் பேசிக்கொண்டே இருந்திருப்பேன், வீட்டில் வேறு யாராவது பேசுகிறார்களா என்று பார்க்க எனக்கு எங்கே நேரம்?

வேறென்ன செய்கிறாள் என்று கேட்டேன். பாட்டில் மூடியைத் திறக்காமல் அவன் முன்னால் நீட்டுகிறீர்களாம், வேலைக்காரனிடம் நீட்டுவதுபோல. இடது கையால் பல் தேய்க்கிறீர்களாம். போன வாரம் குக்கர் கையிலிருந்து நழுவி விழுந்ததாம். அவனுக்குச் சத்தம் கேட்காது, தரை அதிர்ந்ததும் ஓடி வந்திருக்கிறான். கோபத்தில் நீங்கள் வீசி எறிந்தீர்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

எங்கள் ஆபீஸில் எனக்குப் பக்கத்து மேஜைக்காரருக்கு இதேதான் வந்தது. நாளெல்லாம் தட்டித் தட்டி, இப்போது சட்டைப் பொத்தான் போட மனைவியைக் கூப்பிடுகிறார். அதைப் பார்த்துப் பயந்துதான் உங்களுக்கு அந்த மென்பொருளைப் போட்டேன்.

வளைக்காமல் கேட்கிறேன். கை வலிக்கிறதா? ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

வாலு


மார்ச் 1

வாலு,

ஆமாம்.

ஒரு வார்த்தை கேட்டாய். எழுதின பிறகு நிறுத்த முடியவில்லை. இடது கை நன்றாகத்தான் இருக்கிறது, மெதுவாக எழுதுகிறேன். போனில் சொல்லலாம்தான். நீ என்னைப் பேச விடமாட்டாய், பாதியில் விழுந்து அழுவாய். கடிதம் என்றால் நான் முடிக்கிறவரைக்கும் நீ காத்திருந்துதான் ஆகவேண்டும்.

கட்டைவிரல் அடியில் ஆரம்பித்தது. இப்போது முழங்கை வரைக்கும் இழுக்கிறது. காலையில் விரல்கள் மடங்கமாட்டேன் என்கின்றன, சுடுதண்ணீரில் முக்கித்தான் எழுப்புகிறேன். முன்னே நாங்கள் இரண்டு பேர் மாற்றி மாற்றி எழுதுவோம், ஒருத்தி அடிக்கும்போது இன்னொருத்தி கையை ஆற்றுவாள். அவள் வேலையை விட்டுப் போனாள், அவள் இடத்தில் ஆள் போடவில்லை. நீங்கதான் வேகமா அடிப்பீங்களே என்றார் மேலாளர். எனக்கும் உச்சி குளிர்ந்துவிட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன். காலையில் கல்லூரியில் காது கேட்காத பிள்ளைகளுக்காக வகுப்பை அடிப்பது, மதியத்துக்குமேல் கூட்டம். ஆபீஸில் பத்து விரலையும் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வெறுங்கையோடு வருகிறேன். உன் அண்ணனிடம் பேச ஒன்றும் மிச்சம் இருப்பதில்லை.

ஏன் அவரிடம் சொல்லவில்லை என்று கேட்பாய். சொல்வதற்கும் அதே கைதானே வேண்டும். முதலில் கொஞ்ச நாள் பேசத்தான் செய்தேன். விரல் சரியாக விரியாததால் அவருக்கு நான் முணுமுணுப்பதுபோலத் தெரிந்தது. "என்ன, மறுபடி சொல்லு" என்பார். மறுபடி சொன்னால் வலிக்கும். மூன்றாவது தடவை கேட்டால் எரிச்சல் வரும். அதைவிடத் தலையை ஆட்டுவது சுலபம் என்று பழகிவிட்டது. குக்கரை நான் வீசவில்லை. பிடி நழுவியது. அவர் ஓடி வந்து என் முகத்தைப் பார்த்தார், நான் வலியில் இருந்தேன், அவர் அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டார்.

நந்தியை ஏன் ஓட்டினேன் என்றும் கேட்பாய். சோம்பல் இல்லை, திமிரும் இல்லை. நான் கையை எடுத்தால் திரை நின்றுவிடும். பேசுகிறவர் நிற்கமாட்டார். காது கேட்கிறவனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. முன்வரிசைக்கு அந்த வார்த்தைகள் போனது போனதுதான், யாரும் திருப்பிச் சொல்லப்போவதில்லை. எல்லாரும் சிரிக்கும்போது ஏன் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் சுற்றிப் பார்க்கிற முகம் இருக்கிறதே, அதை நான் கல்யாண வீடுகளில், பேருந்தில், உங்கள் சொந்தக்காரர்கள் நடுவில் உன் அண்ணன் முகத்தில் பார்த்திருக்கிறேன். அந்த முகத்தை என் கையாலேயே உண்டாக்க எனக்கு மனசு வரவில்லை.

பயமாக இருக்கிறது, வாலு. வேலை போனால் வேறு வேலை. இந்தக் கை போனால் நான் அவரோடு எதைக்கொண்டு பேசுவேன்?

அவரிடம் நீ சொல்லாதே.

அண்ணி


மார்ச் 8

அண்ணிக்கு,

அழுதேன். நீங்கள் சொன்னதுபோல முடிக்கிறவரைக்கும் காத்திருந்துதான் அழுதேன்.

அண்ணனிடம் நான் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் சொல்லவேண்டும், சீக்கிரம். நீங்கள் தள்ளிப்போட்டால் நான் வண்டி ஏறி வந்து நிற்பேன், அப்புறம் இரண்டு பேருக்கும் நானே சமைத்துப் போடுவேன். என் சமையலை நினைத்துப் பார்த்து முடிவெடுங்கள்.

கோபமாக ஒன்று சொல்லணும். முன்வரிசைக்காகத்தான் ஓய்வு எடுக்கவில்லை என்கிறீர்கள். படிக்கும்போது எனக்குக்கூட நியாயமாகத்தான் பட்டது. ஆனால் யோசித்தால் கணக்கு இடிக்கிறது. இப்படியே அடித்தால் வருஷக் கடைசியில் உங்கள் கை எதற்கும் ஆகாது. அப்போது முன்வரிசைக்கு யார் எழுதுவார்? மேலாளரா? திரை கொஞ்ச நேரம் நிற்கக்கூடாது என்று அடித்து, ஒரேயடியாக நிற்க வைக்கப்போகிறீர்கள்.

பக்கத்து மேஜைக்காரர் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "வலி வந்த பிறகு ஓய்வு எடுத்தேன். வர்றதுக்கு முன்னால எடுத்திருக்கணும். நல்லாயிருக்கும்போது யாருக்கு அது தோணும்? அதுக்குத்தான் ஒண்ணு மண்டையில தட்டிச் சொல்லணும்." வேலை சூடு பிடித்துவிட்டால் கை இருக்கிறதே நமக்கு ஞாபகம் இருக்காது. நந்தியின் வேலை அதை ஞாபகப்படுத்துவது மட்டும்தான். அது வைத்தியம் இல்லை, அதனால் முதலில் டாக்டரிடம் போங்கள்.

இத்தோடு ஒரு பென் டிரைவ் வைத்திருக்கிறேன். புது நந்தி. இந்தத் தடவை ஒழுங்காகச் சோதித்தேன், ஆபீஸில் எல்லாருடைய திரையிலும் போட்டுப் பார்த்தாயிற்று. உங்கள் திரையில் மட்டும்தான் வரும், அரங்கத்துக்குப் போகாது. பாதி வாக்கியத்தில் குதிக்காது, நீங்கள் முற்றுப்புள்ளி வைக்கிறவரைக்கும் பொறுத்திருக்கும். அடிக்கடி ஒரு மூச்சு விடுகிற அளவுக்குச் சின்ன ஓய்வு, எப்போதாவது எழுந்து நிற்கிற அளவுக்குப் பெரிய ஓய்வு. மூடும் பொத்தானைத் திருப்பி வைத்திருக்கிறேன். அதை எடுத்தது என் அதிகப்பிரசங்கித்தனம். உங்கள் கை, நீங்கள்தான் முடிவெடுக்கணும்.

வாசகம் "ஓய்வு" என்று மட்டும். என் வாயைப் பூட்டிக்கொண்டேன்.

வாலு


மார்ச் 21

வாலு,

டாக்டரிடம் போனேன். கட்டைவிரல் பக்கத்துத் தசைநார் வீங்கிக் கிடக்கிறது என்றார். மணிக்கட்டுக்குப் பட்டை, கைப்பயிற்சிக்கு ஒரு அம்மாளிடம் சீட்டு. பட்டை போட்டால் சரியாகிவிடுமா என்று கேட்டேன். "பட்டை போட்டுக்கிட்டு அதே மாதிரி அடிச்சீங்கன்னா பட்டைக்குத்தான் ஓய்வு" என்றார். நல்ல மனுஷர், ஆனால் உன் கட்சி.

பட்டையோடு வீட்டுக்குள் போனதும் உன் அண்ணன் பார்த்துவிட்டார். கண்ணாடி வெட்டுகிற கடையில் வேலை பார்க்கிறவர், கையில் கட்டு என்றால் அவருக்கு ஒரே அர்த்தம்தான். வெட்டுப்பட்டது என்று நினைத்து ரத்தத்தைத் தேடினார். உட்கார வைத்து இடது கையால் சொன்னேன். ஒரு கையால் பேசினால் பாதி வார்த்தை விழுந்துவிடும், மீதியை வாயசைத்தும் முகத்தாலும் ஒப்பேற்றினேன். மழைக்காலத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கேட்டது ஒன்றுதான். "அப்ப என்மேல கோபம் இல்லையா?" இல்லை என்றேன். அப்படியே முகத்தை மூடிக்கொண்டு அழுதார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை. இத்தனை மாதமும் ஒரு மனுஷனை எதற்கென்றே தெரியாமல் தண்டித்திருக்கிறேன், அதை நினைத்தால் மனசு ஆறவில்லை.

அழுது முடித்ததும் கோபம் வந்தது அவருக்கு. ஏன் மறைத்தாய் என்று சுவரைப் பார்த்துத் திட்டினார். அப்புறம் ரம்பத்தை எடுத்துக்கொண்டு வந்து, வீட்டில் நான் அடிக்கிற மேஜை உயரம் என்று அதன் கால்களை அறுத்தார். கண்ணாடியை மயிரிழை தவறாமல் வெட்டுகிறவருக்கு மரத்தோடு என்ன பகையோ, நாலு காலும் நாலு விதம். மேஜை இப்போது ஆடிக்கொண்டே இருக்கிறது. அடியில் அட்டையை மடித்துக் கொடுத்திருக்கிறேன்.

வீட்டில் அடிக்கும்போது மட்டும் உன் புது நந்தியைப் போட்டுக்கொண்டேன். முதல் நாள் பழக்கதோஷத்தில் ஓட்டினேன். இரண்டாம் நாள் அது வந்ததும் கையை எடுத்து மடியில் வைத்தேன். மடியில் வைத்த பிறகுதான் எவ்வளவு வலிக்கிறது என்றே தெரிந்தது. அதிலிருந்து ஓட்டுவதில்லை.

இனி விஷயம். மேலாளரிடம் போய், இரண்டாவது ஆள் வேண்டும், அதுவரைக்கும் கூட்டத்தில் இடைவேளை வேண்டும் என்று கேட்டேன். சிரித்தார். "சாஃப்ட்வேர் சொல்லுதுன்னு நகர மன்றம் நிக்குமா?" என்றார். சாஃப்ட்வேர் சொல்லவில்லை, நான்தான் சொல்கிறேன் என்றேன். "அப்ப நிறுத்திப் பாருங்க" என்றார். அவர் சும்மா சொன்னார். நான் அதைச் சும்மா எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த மாதம் நாள் முழுக்க மன்றக் கூட்டம் இருக்கிறது. ஒவ்வொரு தடவை நந்தி வரும்போதும் நிறுத்துவேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். நிறுத்தத்தான் போகிறேன்.

அண்ணி


மார்ச் 27

அண்ணிக்கு,

டாக்டரிடம் போங்கள், அண்ணனிடம் சொல்லுங்கள், ஓய்வு எடுங்கள் என்றுதான் நான் சொன்னேன். நகர மன்றத்தோடு மல்லுக்கு நில்லுங்கள் என்று நான் எப்போது சொன்னேன்?

கிண்டல் இல்லை, உண்மையிலேயே பயமாக இருக்கிறது. ஏற்கனவே என்னால் உங்களுக்கு ஒரு கெட்ட பேர். இப்போது நடுக்கூட்டத்தில் நீங்களே திரையை நிறுத்தினால் மேலாளருக்குச் சாக்குக் கிடைத்த மாதிரி. உங்களை எடுத்துவிட்டால்? அந்த வேலையை நீங்கள் எவ்வளவு ஆசையாகச் செய்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். கொஞ்ச நாள் மருத்துவ விடுப்பு எடுத்தால் என்ன? கை ஆறட்டும், அப்புறம் பேசலாமே.

முன்வரிசை என்ன நினைக்கும் என்று யோசித்தீர்களா? நீங்கள்தானே அந்த முகத்தைப் பற்றி எழுதினீர்கள்.

உங்களை இழுத்துவிட்டு நானே பின்வாங்குகிறேன் என்று நினைக்காதீர்கள். நினைத்தாலும் சரி. எனக்கு உங்கள் கையும் வேண்டும், நீங்கள் ராத்திரி நிம்மதியாகத் தூங்கவும் வேண்டும். பதில் போடுங்கள், நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

வாலு


ஏப்ரல் 12

வாலு,

நகத்தை விடு. நேற்றுக் கூட்டம் முடிந்தது.

விடுப்பு எடுத்தால் கை ஆறும். ஆறின கையோடு அதே நாற்காலிக்குத்தானே திரும்புவேன்? நாற்காலி மாறாமல் கை மட்டும் ஆறி என்ன பிரயோஜனம்? அதனால்தான் உன் பேச்சைக் கேட்கவில்லை.

நீ கேட்டது நியாயமான கேள்வி, முன்வரிசை என்ன நினைக்கும் என்று. அதனால் அவர்களிடமே கேட்டேன். கூட்டம் ஆரம்பிப்பதற்கு முன்னால் போய் நின்று, இன்றைக்கு நடுநடுவே நிறுத்துவேன் என்று கையால் சொன்னேன். பட்டையைக் காட்டினேன். ஒரு தையல்காரர் உண்டு, எந்தக் கூட்டத்தையும் விடமாட்டார். அவர் என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "நீ நிறுத்து. மத்ததை நாங்க பாத்துக்கறோம்." இத்தனை வருஷம் அவர்களுக்காக என்று நானாக முடிவெடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு தடவை கேட்டிருக்கலாம்.

முதலில் பேச வந்தது யார் என்று நினைக்கிறாய்? அதே தண்ணீர் வாரியத் தலைவர். முற்றுப்புள்ளி வைத்தேன், நந்தி வந்தது, கையை எடுத்து மடியில் வைத்தேன். திரை நின்றது. அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனார். எனக்குக் கை பரபரத்தது, பொய் சொல்லமாட்டேன். இரண்டு கையையும் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொண்டேன்.

தையல்காரர் எழுந்தார். அடுத்தவர் எழுந்தார். முன்வரிசை மொத்தமும் எழுந்து நின்றது, வேறு ஒன்றும் செய்யவில்லை. பின்னால் இருந்தவர்கள், "உக்காருங்க, மறைக்குது" என்று கத்தினார்கள். அவர்கள் காதில்தான் விழாதே. கத்திக் கத்திப் பார்த்துவிட்டுப் பின்வரிசையும் எழுந்தது. அரங்கமே நிற்கும்போது தலைவர் பேசி என்ன செய்வது? நிறுத்தினார்.

"என்ன பிரச்சினை?" என்று கேட்டார்.

நான் மைக்கை எடுத்தேன். "எழுத்து நின்னிருக்குங்க. எழுதறவ கை ஓய்வுல இருக்கு. மறுபடி ஆரம்பிக்கிற வரைக்கும் நீங்க பேசறது இவங்களுக்குப் போய்ச் சேராது."

"எவ்வளவு நேரம்?"

"நீங்க ஒரு வாய் தண்ணி குடிக்கிற நேரம்."

முறைத்தார். என்ன தோன்றியதோ, டம்ளரை எடுத்துக் குடித்தார். பயிற்சி அம்மாள் சொல்லிக்கொடுத்தபடி நான் விரலை நீட்டி மடக்கினேன், தோளைச் சுழற்றினேன். அத்தனை பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூச்சமாகத்தான் இருந்தது. பாதியில் விடவில்லை. பிறகு அடித்தேன், முன்வரிசை உட்கார்ந்தது. அடுத்த தடவை அவர்கள் எழுவதற்குள் அவரே நிறுத்திவிட்டார். மதியத்துக்குமேல் புது விஷயம் எடுப்பதற்கு முன்னால் என் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

கூட்டம் கொஞ்சம் தாமதமாகத்தான் முடிந்தது. மற்றக் கூட்டங்களில் கடைசியில் என் எழுத்தில் பிழை மண்டும், நேற்று மண்டவில்லை. மன்றக் கூட்டத்தில் இனி இடைவேளை உண்டு என்று செயலாளர் சொல்லிவிட்டார். மேலாளர் வந்து, "சாதிச்சிட்டீங்க" என்றார், முகத்தில் சிரிப்பில்லை. இரண்டாவது ஆளை விரைவில் போடுவாராம். வாயால் சொன்னதை நம்ப நான் தயாராக இல்லை, எழுத்தில் கேட்டிருக்கிறேன். ஆள் வரும்வரை கல்லூரி வகுப்புக்குப் போகமாட்டேன் என்றும் சொல்லிவிட்டேன். சம்பளம் குறையும். குறையட்டும்.

கை முழுசாக ஆறவில்லை. ஆனால் மாலையில் மிச்சம் இருக்கிறது.

மிச்சம் இருந்ததை நேற்று என்ன செய்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். வெற்றியோடு வீட்டுக்குப் போனால், உன் அண்ணன் அசடு வழிய நிற்கிறார். முந்தாநாள் எனக்குத் தெரியாமல் ஆபீஸுக்குப் போய், மேலாளர் முன்னால் ஒரு காகிதத்தை நீட்டியிருக்கிறார். "என் மனைவியால் முடியாது, லேசான வேலை கொடுங்கள்." நான் அங்கே ஒற்றை ஆளாக நின்று வாதாடிக்கொண்டிருக்கிறேன், இவர் போய் என்னால் முடியாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்.

பிடித்துக்கொண்டேன். இரண்டு கையாலும் திட்டினேன், வாலு. பட்டையைக் கழற்றி வைத்துவிட்டுத் திட்டினேன். என்னைக் கேட்காமல் எனக்காக முடிவெடுக்க நீங்கள் யார் என்றேன். அவரும் விடவில்லை. "நீ மட்டும் மாசக்கணக்கா மறைச்சியே, என்னைக் கேட்டா மறைச்ச?" என்றார். மேஜைக் காலிலிருந்து உங்கள் குடும்பத்துப் பிடிவாதம் வரைக்கும் எல்லாம் வந்தது. உன்னையும் இழுத்தேன். மழைக்காலத்துக்குப் பிறகு எங்களுக்குள் இரண்டு கையோடும் நடந்த முதல் முழுப் பேச்சு அதுதான்.

பாதி வாக்கியத்தில் கட்டைவிரல் சுண்டி இழுத்தது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அந்த இடைவெளியில் புகுந்து அவர் தன் கட்சியைச் சொல்லியிருக்கலாம், அவர் கை சும்மாத்தான் இருந்தது. சொல்லவில்லை. தன் கையையும் மடியில் வைத்துக்கொண்டு என் கையையே பார்த்தபடி காத்திருந்தார். வலி அடங்கியதும், விட்ட இடத்திலிருந்து மறுபடி திட்ட ஆரம்பித்தேன்.

அண்ணி